பட்டாளத்தார் கை நனைத்த மத்தியானம்

"என் சோறு எங்கடி?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். கல்யாணமான நாளிலிருந்து வேளை தவறாமல் கேட்கிற கேள்வி. ஆனால் அன்றைக்குக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் மூச்சு நின்றுவிட்டது. ஏனென்றால் அவருடைய சோற்றுத் தட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டாளத்தாரின் மடியில் இருந்தது. பட்டாளத்தாரின் வலது கை, ஐந்து விரலும் சேர்ந்து, கத்திரிக்காய்க் காரக்குழம்புச் சோற்றுக்குள் இருந்தது. பாதித் தட்டு காலி.

டிவியில் ஒரு வெள்ளைக்காரன் மழையில் நனைந்துகொண்டு நின்றான். வெளியே எங்கள் வடக்கனந்தலிலும் ஐப்பசி மழை பிய்த்து உதறிக்கொண்டிருந்தது.

பட்டாளத்தாரின் சம்சாரம்தான் முதலில் வாயைத் திறந்தார். "அய்யய்யோ! இன்னாங்க நீங்க, கை நனைச்சிட்டீங்களே!"

நான் அடுப்படி வாசலில், கையில் பொரித்த அப்பளத்தோடு நின்றேன். 

சோறு மட்டும் கூடாது

வெளியூர் வாசகர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மனிதர் பசித்தார், சாப்பிட்டார். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. சம்பந்தம் பேச வந்தவர்கள் முடிவு சொல்கிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம். காபி குடிக்கலாம். மிக்சரைக் கொறித்துக்கொண்டே உங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கலாம். சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தால் சம்மதம் என்று பொருள்.

பட்டாளத்தார் இதில் ஒரு படி மேலே. அவர் காபிகூடத் தொட மாட்டார். நைனார்பாளையத்துக்காரர், ராணுவத்தில் ஆபீசர் மெஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்காள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று வருஷக்கணக்காக அந்த வட்டாரத்தில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியவர். ஒரு மாப்பிள்ளையை, உட்காரச் சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான் என்று வேண்டாம் என்றார். ஒரு வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததாம், "கொழாய மூடத் தெரியாதவன் குடும்பம் நடத்துவானா?" என்று எழுந்து வந்துவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதர்தான் இப்போது எங்கள் வீட்டுக்காரர் தட்டில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கை அப்படியே இருக்கட்டும். நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். என் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

என் தம்பி ஏழுமலை

ஏழுமலைக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தான். ஒரு வேலையை உருப்படியாக முடித்தவன் இல்லை. அதே சமயம் எங்கள் ஊரில் அவனைப் பிடிக்காதவர் என்று ஒருத்தரைக் காட்டினால் நான் இந்தத் தொடரை இன்றோடு நிறுத்திவிடுகிறேன்.

வாத்து வளர்த்தான். வயலில் விட்ட வாத்துகள் வாய்க்கால் வழியாகப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டன. ஓட்டிக்கொண்டு வரப் போனவன் வெறுங்கையோடு வந்தான்.

"எங்கடா வாத்து?"

"இருக்குதுக்கா. அங்க ஏரில தண்ணி ஜாஸ்தி. சந்தோசமா கீதுங்க. வுட்டுட்டு வந்துட்டேன்."

அப்புறம் கரும்பு டிராக்டர் ஓட்டினான். எங்கள் கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும். வழியில் பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் ஓடிவந்து டிரெய்லரில் கரும்பு உருவுவார்கள். எல்லா டிரைவரும் அந்த இடத்தில் வண்டியை வேகமாக விரட்டுவார்கள். இவன் மெதுவாக்குவான். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை என்றால் இறங்கிப் போய் உருவிக் கொடுப்பான். ஆலையில் லோடை இறக்கும்போது வண்டியைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டிராக்டர் சாவி அன்றைக்கே கைமாறியது.

கடைசியாகத் தேனீ. கல்வராயன் மலையில் பெட்டி வைத்தான். ஒரு நாள் மூடியைத் திறக்கும்போது தும்மினான். தேனீக்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டன. பூசணிக்காய் மாதிரி வீங்கிய முகத்தோடு மலைமேல் இருக்கிற சுகாதார நிலையத்துக்குப் போனான். அங்கே நர்சாக இருந்தவள்தான் மலர்க்கொடி, பட்டாளத்தாரின் அக்காள் மகள். கொடுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, "வலிக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இவன், "எனக்கு வலி பரவால்லீங்க. கொட்டுன தேனீ செத்துடுமாமே, அதான் கஷ்டமா கீது" என்றானாம்.

அவள் சிரித்துவிட்டாள். முடிந்தது கதை. அடுத்த வாரம் தேனீ கொட்டாமலே போய்க் காட்டிவிட்டு வந்தான். அதற்கடுத்த வாரமும் போனான். பெட்டியில் வேலை இல்லாத நாளிலும் மலைக்கே குடிபோகிற மாதிரி போய்க்கொண்டிருந்தான்.

மலருக்குத் தாய் தகப்பன் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்துப் படிக்க வைத்தது தாய்மாமன்தான். ஒருநாள் எனக்கு அவளே போன் செய்தாள். "அக்கா, எனக்கு இவரப் புடிச்சிருக்கு. ஆனா மாமா வேணான்னுட்டா நான் மீறி வரமாட்டேன். அவர் வாயால சரின்னு வரணும். நீங்கதான் எப்டியாவது பாத்துக்கணும்."

தம்பியிடம் சொன்னேன். அவன் எதற்குமே முகம் வாடாதவன். அன்றைக்கு வாடியது. "இது இல்லன்னா எனக்கு இனிமே யாரையும் பாக்காதக்கா," என்றான்.

அன்றைக்கே பட்டாளத்தாருக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மாப்பிள்ளையைப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினேன்.

டிராக்டரைத் தேடிப் போய்

அந்த வெள்ளைக்காரன் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வரப்பில் வழுக்கி விழுந்து எங்கள் வீட்டுக்காரருக்கு முழங்கால் போனதைச் சில வாரங்களுக்கு முன்னால் எழுதியிருந்தேன். ("இதக்கூடவா எழுதுவ?" என்று அவர் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.) கட்டிலோடு கிடந்த அந்த மாதங்களில் நெட் போட்ட பெரிய டிவியில் பழைய டிராக்டராகத் தேடித் தேடிப் பார்ப்பார். சீமையில் ஓடிய சிவப்பு டிராக்டர், பச்சை டிராக்டர், புகைபோக்கி நெட்டுக்குத்தலாக நிற்கிற டிராக்டர். ஒரு நாள் அப்படி ஒன்று ஒரு வேனைக் கடற்கரைச் சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. வேனுக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். வேனின் கூரை ஒழுகியது.

அதுதான் தொடக்கம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் சீரியல் அது. படம் சதுரமாக, இரண்டு ஓரமும் கறுப்பாக இருக்கும். நிறமெல்லாம் நாலு தடவை துவைத்த சட்டை மாதிரி. எப்போது பார்த்தாலும் அந்த ஊரில் மழை.

அந்த ஆள் பெயர் மிஸ்டர் பிம்ளட். எங்கள் வீட்டுக்காரர் வாயில் அது நுழையாததால் வேன்காரன். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்து வாங்குகிற நூலக வேனை ஓட்டுவதுதான் அவன் உத்தியோகம். அக்காள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். (இதைப் பார்த்ததும் நான் மேலே நிமிர்ந்து எங்கள் வீட்டு மாடியைப் பார்த்தேன்.) சமையல் புத்தகம் கேட்ட அம்மாவுக்குப் படகு கட்டுகிற புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போவான். அந்த அம்மா பின்கட்டில் படகு கட்ட ஆரம்பித்துவிடும். பாதிரியாருக்குப் போக வேண்டிய பார்சலில் காதல் நாவல் போய்விடும். ஊரே திட்டும். ஆனால் யாருக்காவது ஒன்று என்றால் முதலில் போய் நிற்பது அந்த ஒழுகல் வேன்தான்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை. மீன் வறுவல் கடை வைத்திருக்கிற ஓர் அம்மா. கடைக்குப் போவான், தொப்பியைக் கழற்றுவான், வாயைத் திறப்பான், "ஒரு பொட்டலம் மீன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். வாரா வாரம் இதே கூத்து. அவனுக்கு மீன் பிடிக்காது என்பது பார்க்கிற நமக்கு மட்டும் தெரியும்.

"சொல்லித் தொலையேன்டா!" என்று எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தபடி கத்துவார்.

ஏழுமலையின் டப்பிங்

சீரியலில் தமிழ் கிடையாது. கீழே எழுத்தும் ஓடாது. எனக்கு நர்சரிப் பள்ளியில் வருஷக்கணக்காகப் பாடம் எடுத்ததில் இங்கிலீஷ் முக்கால்வாசி புரியும் என்று நினைப்பு. இவர்கள் பேசுவது சூடான இட்லியை வாய்க்குள் வைத்துக்கொண்டு பேசுவது போல் இருக்கும். இரண்டு தடவை கேட்டால் பிடிபடும்.

ஏழுமலைக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவனுக்கு இங்கிலீஷ் ஒன்றும் தெரியாது. அதனால் தயக்கமே இல்லாமல் தமிழில் சொல்லிக்கொண்டு போவான்.

பாதிரியார் சர்ச் வாசலில் நின்று என்னவோ கேட்பார். இவன் உடனே, "இன்னாப்பா வேனு, ரெண்டு நாளா ஆளக் காணோம், மேலுக்கு சொகமில்லியா?" என்பான். வேன்காரன் தலையைச் சொறிவான். "இல்லீங்க சாமி, டயரு பஞ்சர். ஸ்டெப்னி நம்ம மச்சானாண்ட கீது."

அவர்கள் அங்கே தேவாலயக் கூரைக்கு நன்கொடை பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் சிரித்துத் தொலைக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டுக்காரருக்கோ ஏழுமலை சொல்வதுதான் வேதம். முழங்கால் சரியாகி நடமாட ஆரம்பித்த பிறகும், மத்தியானம் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு பாகம் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணம், கருமாதி, கரும்பு வெட்டு, எதுவானாலும் சரி.

இந்தப் பழக்கத்தைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மறந்து தொலைத்தேன்.

வந்தார்கள்

பட்டாளத்தாரும் சம்சாரமும் பைக்கில் வந்து இறங்கினார்கள். முறுக்கு மீசை, இஸ்திரி கலையாத சட்டை. செருப்பைக்கூட அளவு பார்த்து ஒட்டி ஒட்டி விட்டார்.

முந்தின நாளே ஏழுமலைக்குக் கட்டளை போட்டிருந்தேன். "டேய், கேட்டதுக்கு மட்டும் பதில். வாத்து, கரும்பு, தும்மல் எதையும் எடுக்காத. அவர் சொல்ற வரைக்கும் உக்காராத. கூடத்துல டப்பிங் சத்தம் கேட்டுச்சி, அப்பறம் அக்காவ மறந்துடு."

வீட்டிலிருக்கிற குழாய் எல்லாவற்றையும் நானே இறுக்கி மூடினேன். மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் ஒன்றைத் திறக்க முடியாமல் ஸ்பேனர் தேடினார்.

பட்டாளத்தார் கூடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தார். காபி கொடுத்தேன், அதையும் வாங்கி அதன் பக்கத்தில் வைத்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஏழுமலை சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, போட்டோ எடுக்க நிறுத்தின மாதிரி நின்றான்.

"இன்னா தொழிலு?"

"தேனீங்க."

"அதுக்கு முன்ன?"

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். "விவசாயங்க," என்றான் மெதுவாக.

"சரி. போயி சொல்லி அனுப்பறோம்," என்று பட்டாளத்தார் எழுந்தார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. அவர் "போயி சொல்லி அனுப்பறோம்" என்று சொன்ன எந்த வீட்டுக்கும் இதுவரை சொல்லி அனுப்பியதில்லை. ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சரியாக அந்த நேரத்தில் கொட்ட ஆரம்பித்தது மழை. கோமுகி அணைப் பக்கத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்து ஊற்றியது. பைக்கில் எப்படிப் போவார்கள்? மறுபடி உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் யாரும் யாரோடும் பேசவில்லை. பட்டாளத்தாரின் சம்சாரம் மட்டும், "மழைக்கு நல்லாத்தான் கீது," என்றார். எது நல்லா இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

பசி நேரம் வந்தது. அடுப்படியில் கத்திரிக்காய்க் காரக்குழம்பு தயாராக இருந்தது, ரசம் தயாராக இருந்தது. சாப்பிடுங்கள் என்று சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. நான் இப்படித் தவித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் சர்வசாதாரணமாக டிவியைப் போட்டார்.

"என்னங்க, வந்தவங்க..."

"அவங்களும் பாக்கட்டும். நீ சோத்தக் கொண்டா."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அவருக்கு மட்டும் தட்டில் போட்டுக்கொண்டு வந்து, அவருக்கும் பட்டாளத்தாருக்கும் நடுவில் இருந்த முக்காலியில் வைத்தேன். அப்பளம் பொரிக்க உள்ளே போய்விட்டேன்.

பன்றிப் பண்ணை வாசலில்

அன்றைய பாகம் இதுதான். மீன்கடை அம்மாவின் அண்ணன் ஒரு பன்றிப் பண்ணை வைத்திருக்கிறான். முரடன், இவனுக்கும் மீசை உண்டு. அவன் வீட்டு வாசலில் வேன்காரன் மழையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"இன்னா சொல்றான்?" என்று ஒரு குரல் கேட்டது. பட்டாளத்தாருடைய குரல்.

ஏழுமலை வாயைத் திறக்கவில்லை. என் கட்டளை அப்படி.

"சொல்லு மச்சான்," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "நீ சொல்லலன்னா எனக்கு ஒண்ணும் புரியாது."

"சொல்லுப்பா," என்றார் பட்டாளத்தார்.

பொரித்த அப்பளம் கையிலும் அடுத்தது எண்ணெயிலுமாக நான் வாசலுக்கு ஓடினேன். அதற்குள் ஏழுமலை ஆரம்பித்துவிட்டான். வழக்கமான கலகலப்பு இல்லை. மெதுவாகச் சொன்னான்.

"ஐயா, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன், அப்டீங்கறான்."

பன்றிப் பண்ணைக்காரன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான்.

"'உன்னாண்ட இன்னா கீது, எத நம்பி குடுக்கறது?'ன்னு அவரு கேக்கறாரு."

வேன்காரன் தொப்பியைப் பிழிந்தான்.

"'பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஆரம்பிச்சது எல்லாம் பாதில நின்னுபோச்சி. ஆனா யாரையும் ஏமாத்தனது இல்லீங்க. அவங்க வேலைய வுட வேணாம். மலமேல வேலன்னா காலைல நானே பஸ் ஏத்தி வுடறேன். சாயங்காலம் நானே போயி நின்னு கூட்டியாறேன்.'"

கடலோர ஊரில் ஏது மலை? அந்த அம்மா எப்போது பஸ் ஏறினார்? திரையில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது எனக்குப் புரிந்தது. பன்றி வளர்ப்பு என்கிற புத்தகத்தை எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை, இன்னொருத்தர் காத்திருக்கிறார், தயவுசெய்து கொடுங்கள். இதுதான் வேன்காரன் கேட்டது. அதன் அட்டையைப் பன்றி தின்றுவிட்டது என்பதுதான் அந்த மீசைக்காரனின் கூச்சல்.

"'உங்கள வுட்டுட்டு வர்றது அவங்களுக்கு எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். பெத்தவங்களுக்கு மேல பாத்துக்கினீங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் இட்டுக்கினு வந்துடறேன். நீங்க வேணான்னா அவங்க வரமாட்டாங்க, நானும் கூப்புட மாட்டேன். ஆனா வேணான்னு சொல்லிடாதீங்க ஐயா.'"

திரையில் மீசைக்காரன் கதவை அறைந்து சாத்தினான். வேன்காரன் நகரவில்லை. மழையில் நின்றான்.

நான் என் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பட்டாளத்தாரின் சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முக்காலியில் இருந்த தட்டு எங்கே போனது என்று யார் பார்த்தார்கள்? எங்கள் வீட்டுக்காரர்தான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பக்கத்தில் கையை நீட்டித் துழாவினார். முக்காலிதான் தட்டுப்பட்டது.

"என் சோறு எங்கடி?"

கணக்கில் சேராத கை

பட்டாளத்தார் குனிந்து தட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மீசை துடித்தது.

"யம்மா, வேணும்னே வெச்சியா?"

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். அன்றைக்கு நான் கையிலிருந்த அப்பளத்தைத்தான் நீட்டினேன். அடுப்படியில் எண்ணெய் கருகுகிற வாடை வந்தது.

ஏழுமலைதான் முன்னால் வந்தான். "அக்கா மேல தப்பு இல்லீங்க ஐயா. அது எங்க மாமா தட்டு. கத கேக்கற கவனத்துல நீங்க பாக்காம எடுத்துட்டீங்க. பாக்காம வெச்ச கை கணக்குல சேராதுங்க. எழுந்து கழுவிக்கோங்க. நாங்க யாராண்டயும் சொல்ல மாட்டோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாவி! தெய்வமே பார்த்துத் தட்டில் வைத்துக் கொடுத்ததை, அந்த வாத்துகளை விட்டுவிட்டு வந்த மாதிரி, இதையும் விட்டுவிட்டு வருகிறானே!

அதோடு நிறுத்தினானா? "இன்னொண்ணும் சொல்லிடறேங்க. அந்த ஆளு அப்டி ஒண்ணும் பேசல. எனக்கு இங்கிலீசு தெரியாது. எல்லாம் நானா சொன்னது."

"தெரியும்," என்றார் பட்டாளத்தார்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"பன்னி வளக்கற புஸ்தகத்த திருப்பிக் கேக்கறான். அட்டைய பன்னி தின்னுட்ச்சின்னு அவன் கத்தறான். ஆபீசர் மெஸ்ல காலமெல்லாம் பரிமாறினவன்டா நான். இந்த இங்கிலீச கேட்டுக்கினேதான் சப்பாத்தி போட்டேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு 'இன்னா சொல்றான், இன்னா சொல்றான்'னு அந்தப் புள்ளய கேட்டீங்க?" என்று அவர் சம்சாரம் கேட்டார்.

"ஒரு மணி நேரமா செவுத்துல சாஞ்சிக்கினு நின்னானே, வாயத் தொறந்தானா? இவன் மனசுல இன்னா கீதுன்னு நான் எப்டித்தான் தெரிஞ்சிக்கறது?"

பட்டாளத்தார் தட்டைப் பார்த்தார். இஸ்திரிச் சட்டையின் முழங்கைவரை குழம்பு வழிந்திருந்தது. அதை அவர் துடைக்கவில்லை. மலர் அந்த வீட்டிலிருந்து போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடு பேசுவது என்று அப்போது யோசித்தாரோ என்னவோ. ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"யம்மா, கொழம்பு முடிஞ்சிச்சி. ரசம் ஊத்து."

நான் ஓடினேன். எந்தக் கையில் கரண்டி, எந்தக் கையில் ரசச் சட்டி என்று தெரியாமல் ஓடினேன். கூடத்தில் ஏழுமலை, "ஐயா..." என்று தழுதழுப்பது காதில் விழுந்தது. "இன்னும் இன்னா ஐயா? மாமான்னு கூப்புடு," என்று பதில் வந்தது.

அதற்கும் மேலே, "அப்ப என் சோறு?" என்று எங்கள் வீட்டுக்காரர் குரல்.

பஸ் ஏறியவள்

தை மாதம் கல்யாணம். ஞாயிறு தவறாமல் மலரை நைனார்பாளையத்துக்கு அழைத்துப் போவதாகச் சொன்ன ஏழுமலைக்கு அந்த வேலையே இல்லாமல் போனது. ஞாயிறு தவறாமல் பட்டாளத்தாரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சோற்றுத் தட்டு, டிவி, எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் அதே இடம். நடுவில் இருந்த முக்காலியை மட்டும் எங்கள் வீட்டுக்காரர் தனக்கு மறுபக்கத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சீரியலின் கடைசிப் பாகம் வந்தது.

மீன்கடைப் பலகையை இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். வேன்காரன் ஓடி வந்தான். கடைசியில் சொல்லிவிட்டான், அவன் வாயால் சொல்லியே விட்டான். அந்த அம்மா அவன் கன்னத்தைத் தொட்டு என்னவோ சொல்லிவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார். நீ நல்லவன், ஆனால் நான் திரும்பி வரப்போவதில்லை. எனக்கு அது ஒரே தடவையில் புரிந்தது.

டப்பிங் நின்றுபோயிருந்தது. ஏழுமலைக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் பெட்டிக்கும் கைக்குட்டைக்கும் இங்கிலீஷ் எதற்கு?

மலர் அவன் முழங்கையைத் தொட்டாள். "எங்க போறாங்க அவங்க?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "தங்கச்சி வூட்ல விசேசம். போயிட்டு நாலு நாள்ல வந்துடுவாங்க."

"நெசமாவா?" என்று எங்கள் வீட்டுக்காரர் சந்தேகமாகக் கேட்டார். "பெட்டி பெருசா கீதே?"

அந்தக் கூடத்தில் அந்த அம்மா சொன்னதை வார்த்தை வார்த்தையாகப் புரிந்துகொண்டவர்கள் இரண்டே பேர். நான் பட்டாளத்தாரைப் பார்த்தேன். பொய் சொன்ன மாப்பிள்ளைகளை வாசலோடு அனுப்பிய மனிதர். அவர் மலரைப் பார்த்தார், அவள் கை கிடந்த ஏழுமலையின் முழங்கையைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நெசந்தான். ரிட்டன் டிக்கெட் எடுத்துக்கினுதான் போறா. நான் கேட்டேன்."